வண்டி வராமல் அடித்த மணி

எழுபதுகளின் கடைசியில், ஜவ்வாது மலையடிவாரத்து மீட்டர்கேஜ் ஸ்டேஷன் ஒன்றில் நான் ஏ.எஸ்.எம்., அதாவது உதவி ஸ்டேஷன் மாஸ்டர். கோடை மழை கொட்டிய ஒரு சாயங்காலம் என் டீயில் சுண்ணாம்பு விழுந்தது. பாலாடை என்று நினைத்து ஊதிவிட்டுக் குடித்தேன். அடுத்த வாய்க்குச் செங்கல் துண்டு வந்தது.

"சார், உத்தரம் முனகுது. மேல முழங்கால் தண்ணி நிக்குது," என்றார் ஏணியிலிருந்து இறங்கிய பாயிண்ட்ஸ்மேன் கோவிந்தன்.

வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். கருங்கல் சுவர், வளைவு வாசல், தேக்கு உத்தரம். அதன்மேல் செங்கல்லை நிறுத்தி அடுக்கி, மலைக் கடுக்காய் ஊறிய தண்ணீரில் குழைத்த சுண்ணாம்புத் தளம். மழைநீர் இறங்கக் கைப்பிடிச் சுவர் மூலையில் ஓர் ஓட்டை. போன மாதம் கூரை ஒழுகியபோது, அந்த ஓட்டையால்தான் ஒழுகுகிறது என்று கண்டுபிடித்த மேதை நான். பிளாட்பார வேலையில் மிஞ்சிய சிமெண்டால் அதை அடைத்து, தளம் முழுக்கப் பூசவும் வைத்தேன்; இனி நூறு வருஷம் தாங்கும் என்று எல்லாரிடமும் பீற்றிக்கொண்டேன்.

இப்போது அந்தக் குளத்தின் அடியில், வெயிட்டிங் ஹாலில், மலைக்காரர்கள் இருபது பேர் புளிக்கூடைகளோடு இருந்தார்கள்.

"எல்லாரும் வெளிய போங்க, கூரை வுழப்போவுது," என்றேன்.

"நூறு வருசம் தாங்கும்னு நீங்கதான சார் சொன்னீங்க?" என்றார் கூடையை அணைத்தபடி அவர்களில் ஒருவரான சின்னப்பாப்பா. "நனைஞ்சா புளி இன்னாத்துக்கு ஆவும்? வண்டி வரட்டும், எழுந்துக்கறோம்."

வண்டி வர இன்னும் ஒரு மணி நேரம். உத்தரம் மறுபடி முனகியது.

எங்கள் ஸ்டேஷனில் வண்டி ஒரே நிமிஷம்தான் நிற்கும். அது பக்கத்து ஸ்டேஷனை விட்டதும் மணி அடிப்போம். கேட்டால் சோற்றில் கை வைத்தவர்கூட எழுந்து ஓடுவார். வண்டியில்லாமல் அடித்தால் வேலை போகலாம். வெளியே ஓடி, மணியாகத் தொங்கிய தண்டவாளத் துண்டைச் சுத்தியலால் அடித்தேன்.

ஹால் காலியானது. சின்னப்பாப்பா மழையில் நின்று வடக்கே பார்த்தார், தெற்கே பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"வண்டி எங்க சார்?"

நான் வாய் திறப்பதற்குள் கூரை இறங்கியது. செத்தது என் நாற்காலி மட்டும்.

விசாரணைக்கு வந்த அதிகாரி கேட்டார்: "வண்டியில்லாம மணி அடிச்சது யாருய்யா?"

"நான்தான் சார்."

"ஓட்டைய அடைச்சது?"

"அதுவும் நான்தான் சார்."

"இந்த ஸ்டேஷன்ல வேற ஆளே இல்லியா?"

ஒரு இன்கிரிமெண்டை வெட்டியதோடு விட்டார். பழைய கட்டடத்தில் ஓட்டையைக் கண்டால், அடைக்குமுன் அது எதற்கென்று கேளுங்கள். நான் கேட்கவில்லை. அதன்பிறகு நான் மணி அடித்தபோதெல்லாம் சின்னப்பாப்பா முதலில் அண்ணாந்துதான் பார்ப்பார்.

"வர்றது வண்டியா சார், இல்ல கூரையா?"