அக்காவுக்காக நானூறு வாட்

அடுத்த அறையிலிருந்து 'ம்ம்ம்ம்' என்று கனத்த முனகல் ஒன்று எழுந்தது. அடுப்படியில் அவல் போஹா கிளறிக்கொண்டிருந்த சியாமளாவின் கை அப்படியே நின்றுவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை இதே முனகலுக்குப் பின்னால்தான் 'டமார்' என்று ஒரு சத்தம் வந்து, வீடு முழுக்கக் கரண்ட் போனது. மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். இன்று டமார் வரவில்லை. யாரோ பூஜையில் உட்கார்ந்து ஓங்காரம் சொல்வது போல அந்த முனகல் மட்டும் நிதானமாக நீண்டுகொண்டே இருந்தது.

"அக்கா! ஹைவோல்டேஜ் வந்துடுச்சு! எக்தம் ஸ்டெடி!" என்று அங்கிருந்து முகமது ரஃபீக் கத்தினார். "ஸ்டாண்ட்பைல வச்சிருக்கேன். வால்வு சூடாகட்டும். போஹா ஆச்சா?"

"ஆச்சு, ஆச்சு. ரஃபீக் பாய், இடது கை எங்க இருக்கு?"

"முதுகுக்குப் பின்னாடிதான் இருக்கு. ஹெட்மாஸ்டர் மாதிரி நிக்கறேன், போதுமா?"

அது அவள் வீட்டுச் சட்டம். இரண்டாயிரம் வோல்ட் ஓடும் பெட்டிக்குப் பக்கத்தில் இரண்டு கையையும் யாரும் நீட்டக்கூடாது. ஒரு கையால் நுழைந்து மறு கையால் வெளியேறும் மின்சாரம், போகிற வழியில் நெஞ்சைத் தொட்டுவிட்டுப் போகும். அதனால் ஒரு கை வேலை செய்யும், ஒரு கை முதுகில் கிடக்கும். அவள் கணவர் கோகுல்நாத் இதை வைத்தே அவளைச் சீண்டுவார். "என்கிட்ட சண்டை போடுறப்ப மட்டும் ரெண்டு கையும் நீளுது."

சியாமளா பிறந்தது பாளையங்கோட்டையில். அவளும் அக்கா ருக்மிணியும் ஒரே நாளில், ஒரே அறையில் உட்கார்ந்து அமெச்சூர் ரேடியோ பரீட்சை எழுதித் தேறியவர்கள். அக்கா தூத்துக்குடியில் டெலிபோன் இலாகாவில் சேர்ந்தாள். கல்யாணமே வேண்டாம் என்று அங்கேயே ஒற்றையாக இருந்துவிட்டாள். தங்கை ராணுவக் கணக்கு அலுவலகத்தில் வேலை பார்த்த கோகுல்நாத்தின் கையைப் பிடித்துக்கொண்டு புணே வந்து, வானவடியில் ஒரு பள்ளிக்கூடத்தின் இயற்பியல் ஆய்வகத்தில் வேலைக்கு அமர்ந்தாள்.

ஊரில் எந்த ரேடியோக்காரர் வீட்டில் ஆம்ப்ளிஃபயர் படுத்தாலும் அது வானவடியில் அவள் வீடு இருக்கும் மூன்றாவது மாடிக்குத்தான் வரும். ரேடியோவின் குரலை வாங்கி, அதைப் பல மடங்கு பெருக்கி ஆண்டெனாவுக்கு அனுப்புகிற பெட்டி அது. அவர்கள் பேச்சில் அதற்கு 'லீனியர்' என்று பெயர். அதனால் சியாமளாவுக்கு வாய்த்த பட்டம் 'லீனியர் மாவ்ஷி'. மராட்டிக்காரப் பையன்கள் முதல் ஓய்வுபெற்ற கர்னல் வரைக்கும் அவள் எல்லாருக்கும் சித்திதான்!

ஆனால் ஒரு விசித்திரம். ஊரார் லீனியரையெல்லாம் உயிர்ப்பித்தவள், தனக்கென்று ஒன்று வைத்துக்கொண்டதில்லை. ரேடியோவின் சொந்த நூறு வாட்டே தூத்துக்குடி வரைக்கும் போதுமானதாக இருந்தது. அக்காவுக்குக் கேட்டால் உலகத்துக்கே கேட்ட மாதிரி அவளுக்கு.

இந்த அக்கா தங்கையிடம் ஒரு கோளாறு உண்டு. போனில் பேசினால் சண்டை வந்துவிடும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள், ஒருத்தி சொன்னது இன்னொருத்தி காதில் பாதிதான் விழும், விழுந்த பாதி தப்பான பாதியாக இருக்கும். ரேடியோவில் அது நடக்காது. ஒருத்தி பேசி முடித்து 'ஓவர்' சொல்லும்வரை மற்றவள் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டே ஆகவேண்டும். தினமும் காலையில் கோயம்புத்தூர் பத்ரிநாத் நடத்தும் தமிழ்க்காரர்கள் குழுவில், நாலு பேர் கேட்க, இவர்கள் பேசுகிற பேச்சில் அத்தனை மரியாதை, அத்தனை பாசம்!

விதி யாரை விட்டது? அக்காவின் இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருப்பதாகப் பக்கத்து வீட்டுக்காரி சொல்லிவிட்டாள். குடும்ப விஷயத்தை ஊர் கேட்கும் ரேடியோவில் பேசமுடியுமா? சியாமளா போனை எடுத்தாள்.

"எக்கா, தனியா கிடந்து கஷ்டப்படாத. பூனா வந்துரு. இங்க வச்சு ஆபரேஷன் பண்ணிக்கிடலாம்."

"எனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சுன்னு சொல்லுதியா? அடுத்தவ வீட்டுல வந்து கஞ்சி குடிக்கணும்னு எனக்கு என்னட்டி தலையெழுத்து?"

"அடுத்தவளா? நான் அடுத்தவளா?"

அதற்குமேல் யார் என்ன சொன்னார்கள் என்று இருவருக்குமே தெரியாது. போன் வைக்கப்பட்டது. மறுநாள் காலை சியாமளா ரேடியோவில் கூப்பிட்டபோது அக்காவின் குரல் பத்ரிநாத்திடம் சொன்னது: "பூனா ஒண்ணும் கேக்கலை. பக்கத்து வீட்டுல சோலார் மாட்டினதுலேருந்து ஒரே இரைச்சல். ஓவர்."

அதற்கடுத்த நாளும் கேட்கவில்லை. அந்த மாதம் முழுக்கக் கேட்கவில்லை. அடுத்த மாதமும் அதே கதைதான். கோயம்புத்தூர் கேட்டது, மதுரை கேட்டது, பூனா மட்டும் கேட்கவில்லை. போன் போட்டால் எடுப்பதில்லை. "எக்கா, கண்ணுக்கு மருந்து போட்டியா?" என்று சியாமளா தினமும் காற்றில் கேட்பாள். பத்ரிநாத் நடுவில் நின்று அதை எடுத்துச் சொல்வார். "போட்டேன்னு சொல்லுங்க" என்று ஒரு வறண்ட பதில் வரும்.

வேறொருத்தியாக இருந்தால் ரயிலேறியிருப்பாள். சியாமளா லீனியர் மாவ்ஷி ஆயிற்றே! இரைச்சல் என்றால் அதைவிட உரக்கப் பேசவேண்டும், அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்த வைத்தியம். உரிமம் அனுமதிக்கும் நானூறு வாட்டுக்கும் ஒரு லீனியர் கட்டுவது என்று உட்கார்ந்துவிட்டாள்.

பழைய சாமான் விற்கும் ஜூனா பஜாரில் ஒரு யூபிஎஸ் பெட்டி கிடைத்தது. ஏசி மெக்கானிக்கிடம் செப்புக் குழாய் வாங்கி, ஹார்லிக்ஸ் பாட்டிலைச் சுற்றி வளைத்துச் சுருளாக்கினாள். கர்னல் தன் அலமாரியில் பூட்டி வைத்திருந்த, சுரைக்காய் போலப் பெரிய கண்ணாடி வால்வைக் கொண்டுவந்து கொடுத்தார். போபோடியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கும் ரஃபீக், அவரும் உரிமம் உள்ள ரேடியோக்காரர்தான், டிரான்ஸ்ஃபார்மரைத் தன் கையாலேயே சுற்றினார். ஈயம் பற்றவைக்கும் சுடுகோல் பட்டு சியாமளாவின் மணிக்கட்டில் கொப்புளம் கிளம்பியது. மகள் தீப்தி ஐடி வேலையிலிருந்து திரும்பி, மருந்து தடவிக்கொண்டே திட்டுவாள். "பெரியம்மா போன் எடுக்கலேன்னா நாம நேர்ல போலாமே மா. இது என்ன லாஜிக்?"

"அவ கேக்கலேங்கா தீப்தி. கேக்க வைக்கணும்லா?"

இன்று அந்த நாள். போஹா தட்டை ரஃபீக்கிடம் கொடுத்துவிட்டு, சியாமளா கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். வால்வு உள்ளே ஆரஞ்சு நிறத்தில் கனன்றது. தீப்தி போனை நீட்டிப் பிடித்தாள். "வீடியோ எடுக்கறேன் மா. பெரியம்மாக்கு அனுப்பலாம்."

கோகுல்நாத் வாசற்படியில் நின்று, "ஃபியூஸ் பாக்ஸ் பக்கத்துலயே நிக்கறேன். தைரியமாப் பேசு" என்றார்.

ஸ்பீக்கரில் பத்ரிநாத்தின் குரல் வந்தது. "தூத்துக்குடி அக்கா இருக்கறீங்களா? இன்னைக்கு ஒரு சேதிங்க. நம்ம பூனா அம்மா உங்களுக்குக் கேக்கோணும்னே சொந்தமா ஒரு லீனியர் கட்டியிருக்காங்க. ரெண்டு மாசமா ராப்பகலா வேலைங்க. கையெல்லாம் சுட்டுக்கிட்டாங்களாம். கொஞ்சம் காதைக் கொடுத்துக் கேளுங்க. பூனா, வாங்க. ஓவர்."

சியாமளா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மைக்கின் பொத்தானை அழுத்தினாள்.

"எக்கா... நான் சியாமா பேசுதேன். கேக்கா? இப்பமாவது கேக்கா எக்கா? ஓவர்."

பொத்தானை விட்டாள். வெறும் இரைச்சல். ரஃபீக் வாயில் வைத்த கரண்டியை எடுக்கவில்லை. இரைச்சல் நீண்டது. இவ்வளவு பாடும் வீணா? சியாமளாவின் மூடிய இமைக்குள்ளிருந்து ஒரு சொட்டு வழிந்தது.

"ஏட்டி சியாமா..."

அந்தக் குரல்! உடைந்துபோயிருந்தது.

"கேக்குட்டி. நல்லாக் கேக்கு. பக்கத்துல உக்காந்து பேசுத மாதிரி கேக்கு. கைய எங்கட்டி சுட்டுக்கிட்ட? மருந்து போட்டியா? கூறுகெட்டவளே, எனக்காக எதுக்கு இம்புட்டும்..." மூக்கை உறிஞ்சும் சத்தம் தெளிவாக வந்தது. "சரி, ஊர் கேட்டாக் கேக்கட்டும். கண்ணு ஆபரேஷனுக்கு நான் பூனாவுக்கே வாரேன். மாப்பிள்ளைய டிக்கெட் போடச் சொல்லு. ஜன்னலோர சீட்டா இருக்கணும். ஓவர்."

கோகுல்நாத் ஃபியூஸ் பாக்ஸை மறந்து கைதட்டினார். ரஃபீக் தட்டோடு எழுந்து ஆடினார். சியாமளா அழுதாள், சிரித்தாள், மைக்கையே முத்தமிட்டாள். "பூனா, அருமையா ஏறியிருக்குதுங்க உங்க சிக்னல்!" என்று பத்ரிநாத்தும் பாராட்டினார். அக்காவும் தங்கையும் 'ஓவர்' போட்டு 'ஓவர்' போட்டு, குழுவில் மற்றவர்களுக்கு முறையே வராதபடி பேசித் தீர்த்தார்கள்.

எல்லாம் அணைத்தபின் தீப்தி வீடியோவை ஓடவிட்டாள். நாலு தலைகள் அந்தச் சின்னத் திரைமேல் குனிந்தன.

"மா, இந்த முள்ளு... மீட்டர்ல இருக்கற முள்ளு, நீ பேசறப்ப அது நகரணும்ல? நேத்து டெஸ்ட் பண்றப்ப டான்ஸ் ஆடிச்சே. இதுல அப்படியே படுத்திருக்கு."

சியாமளா உற்றுப் பார்த்தாள். ரஃபீக்கும் பார்த்தார். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் திரும்பி லீனியரைப் பார்த்தார்கள். முன்பக்கத்துச் சுவிட்ச் இன்னும் ஸ்டாண்ட்பையிலேயே இருந்தது.

"யா அல்லா! ஸ்டாண்ட்பைல வச்சேன்னு சொன்னேனே, நீங்க மாத்தலையா?"

"நீங்க மாத்திருப்பியன்னுல்லா நினைச்சேன்!"

ஸ்டாண்ட்பையில் லீனியர் ஒதுங்கி நின்று வழிவிட்டுவிடும். அத்தனை நேரமும் தூத்துக்குடிக்குப் போனது ரேடியோவின் பழைய நூறு வாட்தான். நானூறு வாட் பெட்டி பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்திருக்கிறது.

"அப்ப பெரியம்மாக்கு எப்படிக் கேட்டுச்சு?" என்றாள் தீப்தி.

சியாமளாவுக்கு மெதுவாக, மிக மெதுவாகப் புரிந்தது. இரைச்சலும் இல்லை, சோலாரும் இல்லை. முதல் நாளிலிருந்தே அக்காவுக்குக் கேட்டிருக்கிறது! தங்கை கேட்ட ஒவ்வொரு கேள்வியும், விட்ட ஒவ்வொரு பெருமூச்சும் கேட்டிருக்கிறது. கேட்டுக்கொண்டே 'கேக்கலை' என்றிருக்கிறாள், அழுத்தக்காரி!

கோபம் வரவேண்டிய இடத்தில் அவளுக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. அந்த இரண்டு மாதத்தில் ஒரு காலைகூட அக்கா குழுவுக்கு வராமல் இருந்ததில்லை. பேசப் பிடிக்காதவள் ரேடியோவை எதற்குப் போடுகிறாள்? புரை விழுந்த கண்ணோடு தடவித் தடவிச் சுவிட்சைத் தேடி, தினம் தினம் தங்கையின் குரலைக் கேட்பதற்காகவே வந்து உட்கார்ந்திருக்கிறாள். வைராக்கியம் வாயைக் கட்டியதே தவிர, காதைக் கட்டவில்லை!

சியாமளா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"சரி, நான் இத பெரியம்மாக்கு ஃபார்வர்ட் பண்றேன்" என்று தீப்தி விரலைக் கொண்டுபோனாள்.

"அனுப்பாத!" அந்த அலறலில் தீப்தியின் கையிலிருந்து போனே நழுவியது. "அனுப்பினேன்னு வை, உங்க பெரியம்மா பூனாவுக்கில்ல, எந்த ஊருக்கும் வரமாட்டா!"

"புரை விழுந்த கண்ணுக்கு முள்ளு தெரியுமா?" என்றார் கோகுல்நாத்.

"அவளுக்கு ஆளு தெரியாது, தெரு தெரியாது. மீட்டர் முள்ளு மட்டும் தெரியும். நமக்குத் தெரிஞ்சு போச்சுன்னு அவளுக்குத் தெரிஞ்சுதுன்னா அம்புட்டுதான். வெக்கத்துலயே மறுபடி காது அடைச்சுக்கிடும். அழிச்சுரு."

தீப்தி அழித்தாள். அம்மா பார்க்க, குப்பைத்தொட்டியிலிருந்தும் அழித்தாள்.

ரஃபீக் செருப்பை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டர் சாவியைத் துழாவினார். சியாமளா வாசல் வரை வந்து குரலைத் தாழ்த்தினாள். அவர் பேச்சுக்காரர், நாளைக் காலை குழுவில் ஒரு வார்த்தை விட்டால் போதும், வாங்கவிருக்கும் டிக்கெட் காற்றில் போய்விடும்.

"ரஃபீக் பாய், முள்ளப் பத்தி..."

"எந்த முள்ளு அக்கா? நான் போஹா தின்னுட்டு இருந்தேன். தட்டைத் தவிர ஒண்ணும் பாக்கலை, கசம், சத்தியமா." இரண்டு படி இறங்கினவர் நின்று திரும்பினார். "ஆனா ஒரு டவுட்டு. நாளைக்கு சுவிட்சை நெசமாவே ஆபரேட்ல போட்டா, அவங்களுக்கு இன்னும் ஜாஸ்தி கேக்குமே. என்ன சொல்வீங்க?"

"இன்னைக்குக் காத்து நல்லா இருக்குன்னு சொல்லுவேன்."

"அவங்க நம்புவாங்களா?"

"நம்பின மாதிரி இருந்துக்கிடுவா. நானும் அப்படித்தான் இருக்கப் போறேன். நீங்க பாத்துப் போங்க, ஃபாத்திமா நகர்ல டிராஃபிக்கு அதிகம்."

ரஃபீக் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே இறங்கினார். அந்தச் சிரிப்பு இரண்டாம் மாடியைத் தாண்டி, முதல் மாடியைத் தாண்டி, கீழே ஸ்கூட்டர் உறுமலில் கலக்கும்வரை நின்று கேட்டுவிட்டு, சியாமளா கதவைச் சாத்தினாள்.