நீலக் கதவருகே நான் அழித்தவர்

சிலர் சாவியைத் தொலைப்பார்கள், சிலர் குடையைத் தொலைப்பார்கள். நான் முழுசாக ஒரு மனிதரையே தொலைத்தேன். அதுவும் தெரியாமல் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, மவுஸைப் பிடித்த கை மரத்துப்போகிற அளவுக்குப் பாடுபட்டு, பெருமையோடு தொலைத்தேன்.

2008 வாக்கில் நடந்தது. சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை, ராஜகீழ்ப்பாக்கத்தில் வீடு, தோளில் புதுக் கேமரா. வாங்கிய மூன்றாவது வாரமே நான் கலைஞனாகிவிட்டேன். ஜோல்னாப் பை வேறு. படமெல்லாம் 'ரா'வில்தான் எடுப்பேன். கேமரா கண்டதை ஒன்று விடாமல் அப்படியே வைத்திருக்கும் கோப்பு அது. அதைக் கம்ப்யூட்டரில் மெருகேற்றி, முழு அளவு ஜேபெக்காக மாற்றினால் சுவரில் மாட்டுகிற அளவுக்குப் பிரிண்ட் போடலாம். போட்டு விற்பதாகத் திட்டம்.

ஒருநாள் காலை பம்மலில் ஒரு தெரு. நீலக் கதவு, அதன்மேல் இளவெயில். வெயில் சரியாக விழக் கால்மணி நேரம் காத்திருந்து கேமராவைத் தூக்கியதும், உள்ளே இருந்து ஒரு பெரியவர் வந்து கதவருகே நின்றுகொண்டார். நான் இடப்பக்கம் நகர்ந்தால் அவரும் நகர்ந்தார். வேறு வழியில்லாமல் எடுத்தேன்.

"போட்டோ குடுப்பியா தம்பி?"

"அடுத்த வாரம் கொண்டாந்து தரேன் பாய்."

போகவில்லை. படத்துக்கு இடைஞ்சல் என்று அவரைக் கம்ப்யூட்டரில் துடைத்தெடுத்துவிட்டு, வெறும் கதவைப் பிரிண்ட் போட்டேன்.

ஏழெட்டு மாதம் கழித்து எங்கள் காலனி ஆண்டு விழா. ஒரு மேஜை போட்டு என் படங்களைப் பரப்பி வைத்திருந்தேன். முதல் இரண்டு மணி நேரத்தில் என்னைத் தேடி வந்த ஒரே கேள்வி, "சார், பாத்ரூம் எங்க?"

அப்புறம்தான் ஒருவர் வந்தார். பரிசாகக் கொடுக்கிற பைகளைத் தைத்துக் கொண்டுவந்தவர், முப்பது வயதிருக்கும். கதவுப் படத்தின் முன்னால் நின்றுவிட்டார்.

"இது எங்க வூடு சார்."

எனக்கு முகம் மலர்ந்தது. "நல்ல கதவு பாய்!"

அவர் கதவைப் பார்க்கவில்லை. பக்கத்தில் எதையோ தேடினார். "எங்கத்தா எங்க சார்?"

அத்தா என்றால் அப்பா. அந்தப் பெரியவரின் மகன் இவர்.

"இங்கதான நின்னாரு? பெரிய கேமரால என்னைப் புடிச்சாங்கன்னு தெருவுல ஒருத்தர் பாக்கி இல்லாம சொல்லிகினு இருந்தாரு. ஆஸ்பத்திரில கூட, போட்டோ வந்திச்சான்னு கேட்டாரு. நோம்புக்கு முன்னாடி மௌத்தாயிட்டாரு. ரேஷன் கார்டுல கீறத விட்டா அவரு படமே இல்ல சார்."

"ரா இருக்கு பாய், நான் தரேன்" என்று அவசரமாகச் சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். கம்ப்யூட்டரில் இல்லை. இடம் போதாமல் பழைய ராக்களை சிடியில் ஏற்றி, மேலே 'வேண்டாதவை' என்று எழுதி வைத்தது நினைவுக்கு வந்தது. மனைவியைக் கேட்டேன்.

"வேண்டாதவைன்னு நீங்கதானே எழுதியிருந்தீங்க? புறா வராம இருக்க பால்கனில கட்டித் தொங்க விட்டிருக்கேன்."

ஐந்து சிடிகள் வெயிலில் பளபளவென்று ஆடிக்கொண்டிருந்தன. நாத்திகம் பேசுகிற நான் ஒவ்வொன்றையும் பனியனால் துடைத்து, பிள்ளையாரைக் கூப்பிட்டுக்கொண்டே போட்டுப் பார்த்தேன். மூன்று திறக்கவே இல்லை. நான்காவது முக்கி முனகித் திறந்தது.

அவர் இருந்தார். முழு அளவில் பார்த்தபோதுதான் தெரிந்தது: சட்டையைக் கழுத்துவரை பொத்தான் போட்டு, தலையைத் தண்ணீர் தொட்டுப் படிய வாரியிருந்தார். வாரிய ஈரம்கூட மின்னியது. நான் கதவை எடுக்க வந்தேன். அவர் தன்னை எடுக்க வந்திருக்கிறேன் என்று நம்பித் தயாராகி நின்றிருக்கிறார். அந்த வெயில் முழுக்க அவர் முகத்தில்தான் விழுந்திருந்தது. அதற்குப் பிறகு அந்த வெறும் கதவை என்னால் பார்க்கவே முடியவில்லை.

எதையும் தொடாமல் முழு அளவு ஜேபெக் எடுத்து, தாம்பரத்தில் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, அடுத்த ஞாயிறு பம்மலுக்குப் போனேன். நான் சொன்ன 'அடுத்த வாரம்' அன்றைக்குத்தான் வந்தது. அதற்கப்புறம் எத்தனையோ படம் எடுத்துவிட்டேன். ஆனால் ஓரத்தில் யாராவது நின்றால் அழிக்கக் கை வருவதில்லை. இவர் வீட்டில் இந்தப் படத்துக்காக யார் காத்திருக்கிறார்களோ என்று தோன்றிவிடுகிறது.

அந்த ஞாயிறு, பெரியவரின் மகன் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு, படத்தை ஓரமாகப் பிடித்து வாங்கினார். கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். என்னால் தாங்க முடியாமல் உளறிக்கொட்டினேன்: "மன்னிச்சிடுங்க பாய். குறுக்க நிக்கிறாருன்னு நான்தான் அவரை அழிச்சேன்."

அவர் படத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்:

"எங்கத்தா எப்பவும் குறுக்கதான் சார் நிப்பாரு."