மழைக்கோட்டு மாப்பிள்ளை

ஜிம் மாஸ்டர் என்பவன் அடுத்தவர் வியர்வைக்கு விளக்கம் சொல்லியே தன் தொண்டைத் தண்ணீர் வற்றிப்போகிறவன். நாவலூரில் ஆறு வருடமாக எனக்கு இதுதான் பிழைப்பு. இதே பிழைப்பில் இருக்கும் சகோதரர்களே, உங்கள் கதையும் இதுதான் என்று தெரியும்.

ஃபேனை நிறுத்து

சரவணனுக்கு ஐ.டி. வேலை. அடுத்த மாதம் கல்யாணம். ரிசப்ஷன் கோட்டில் பட்டன் போடத் தொப்பை விடவில்லை. வந்த முதல் நாளே ஏ.சி.யையும் ஃபேனையும் அணைத்துவிட்டார். வியர்த்தால் கொழுப்பு உருகுமாம். "வியர்வை காயும்போது உடம்புச் சூட்டைக் கொண்டுபோகுது, அவ்வளவுதான் சார். கொழுப்புக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல" என்றேன். நெற்றியை வழித்து விரலை என் மூக்கருகே நீட்டினார்.

"மோந்து பாருங்க மாஸ்டர், நெய் வாசம் வருதா இல்லையா?"

ஒரு கிலோ

பயிற்சி முடிந்ததும் எடை பார்த்தார். ஒரு கிலோ குறைவு. குறைந்தது வெறும் தண்ணீர் என்று காட்ட, ஒரு லிட்டர் பாட்டில் தண்ணீரைக் குடிக்கவைத்து மறுபடி ஏற்றினேன். முள் பழைய இடத்துக்கே வந்தது. அன்றிலிருந்து மனிதர் ஜிம்மில் தண்ணீரையே தொடவில்லை.

"கஷ்டப்பட்டு கொறைச்சத ஒரே மடக்குல ஏத்திட்டீங்களே, பேஜாரு மாஸ்டர் நீங்க."

ஐஸ் பெட்டி

ஞாயிறு காலை மாமல்லபுரம் சாலையில் எங்கள் ஓட்டம். எல்லாரும் முடித்துக் கிளம்பிய பிறகு, பதினோரு மணி வெயிலில், கழுத்துவரை பட்டன் போட்ட மழைக்கோட்டோடு வந்து இறங்கினார் சரவணன். நான் கத்திக்கொண்டே பின்னால் ஓட, நிற்காமல் ஓடினார். கடலோரப் புழுக்கத்தில் வெறும் உடம்பிலேயே வியர்வை காயாது. கோட்டுக்குள் எங்கே காயும்?

கொஞ்ச தூரத்தில் தள்ளாடி என் கையைப் பிடித்தார். என்னை மாமனார் என்று நினைத்து, "மாமா, முகூர்த்தத்துக்கு வந்துட்டேன்" என்றார். உடம்பு தோசைக்கல்லாகக் கொதித்தது. எனக்கு உயிரே போய்விட்டது. ஆம்புலன்சுக்கு போன் போட்டேன்.

கடப்பாக்கத்திலிருந்து வந்து சாலையோரம் மீன் விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மா ஓடிவந்தார். மீன் அறுக்கும் கத்தியால் கோட்டைக் கிழித்து, தண்ணீரை மேலே ஊற்றினார். மீன் பெட்டி ஐஸை அள்ளி சரவணன் கழுத்திலும் அக்குளிலும் கொட்டினார். நான் விசிறினேன். ஆம்புலன்ஸ் வருவதற்குள் சரவணன் என்னை அடையாளம் கண்டு, "மாஸ்டர், என் மேல ஏன் மீன் நாத்தம்?" என்றார். நான் அழுதே விட்டேன். அந்த அம்மா காலிப் பெட்டியைக் காட்டினார்.

"செத்த வஞ்சிரத்தையே இந்த வெயில்ல ஐஸ்ல வெச்சிகினு கீறேன், உசுரோட கீற நீ இன்னாத்துக்கு நைனா கோட்ட மாட்டிகினு ஓடுற?"

ரிசப்ஷனில் அந்தக் கோட்டுப் பட்டன் கடைசிவரை சேரவில்லை, ஆனால் மேடைக்கு இரண்டு பக்கமும் பெரிய ஃபேன் வைத்தே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவர் மாப்பிள்ளைதான்.