கோகிலவாணி விரட்டிவிட்ட வாசகர்கள்

"நம்மூர்ல ஒருத்தரும் பாக்கறதில்லைங்கம்மா. இந்த மாசத்தோட இணையதளத்தை மூடிரலாம்" என்று வாசகர் வட்டத் தலைவர் சென்னிமலை சொன்னபோது கோகிலவாணிக்குச் சுருக்கென்றது. திருச்செங்கோட்டுப் பக்கத்தில் அந்த வட்டம் நடத்தும் சின்ன நூலகத்துக்கு அவள்தான் நூலகர். விசைத்தறிப் பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல் வழியில் நூலகப் படிப்பு முடித்தவள். இணையதளமும் அவளே மல்லுக்கட்டிச் செய்தது. வாசகர்கள் எழுதும் கதைகளைத் தன் குரலில் படித்து அதில் ஏற்றிவந்தாள். அதைப்போய் மூடச் சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும்?

யார் வருகிறார்கள், எந்த ஊரிலிருந்து என்று காட்டும் வருகைக் கணக்கை அன்றுதான் உருப்படியாகப் பார்த்தாள். உள்ளூர் ஆட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்றதெல்லாம் ராய்ப்பூர், நாக்பூர், பிலாஸ்பூர். வடக்கத்தி ஊரில் தமிழ்க் கதைக்கு என்ன வேலை? எவனோ கம்ப்யூட்டரை வைத்து விளையாடுகிறான் என்று முடிவுகட்டி, வெளிமாநிலத்தில் தளம் திறக்காதபடி கதவைச் சாத்திவிட்டாள். கணக்கைச் சுத்தம் செய்துவிட்ட பெருமை வேறு.

அடுத்த வாரம் கணக்கு தரைதட்டிக் கிடந்தது. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டோமே என்று உட்கார்ந்திருந்தவளிடம், புத்தகம் திருப்பித்தர வந்த சௌந்திரம் சண்டைக்கு நின்றாள்.

"ஏனுங்க, கதையை நிறுத்திப் போட்டீங்களா? எங்க ஊட்டுக்காரரு ராய்ப்பூர்ல ரிக் வண்டியில இருக்காருங்க. போர் போட்டு முடிச்சுட்டு எல்லாரும் படுத்துக்கிட்டு உங்க கதையைத்தான் கேப்பாங்களாம். இப்பத் திறக்கவே மாட்டேங்குதுன்னு எங்கிட்டக் கத்தறாருங்க."

கோகிலவாணி தலையில் அடித்துக்கொண்டாள். ஊரில் பாதி ஆண்கள் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு வடக்கே திரிவது பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அவள் கொழுந்தனே அங்கேதான் இருக்கிறான்! ஆனாலும் சந்தோஷம் தாங்கவில்லை. கேட்க ஆளிருந்திருக்கிறது.

அன்றே கதவைத் திறந்தாள். பெரும்பாலோர் கதையைப் பாதியிலேயே விட்டுவிடுவதையும் கணக்கு காட்டியது. சௌந்திரத்திடம் விசாரித்தாள், காட்டுக்குள் சிக்னல் இழுக்காதாம். கதைகளைச் சின்னச் சின்னத் துண்டுகளாக்கி முகப்பிலேயே வைத்தாள். கணக்கு மளமளவென்று ஏறியது.

மாதக் கடைசியில் அதைச் சென்னிமலையிடம் காட்டினாள். "எல்லாம் நம்மூர்க்காரங்கதானுங்க. ஊர்ல இல்லை, அவ்வளவுதான்."

அவர் ஊர்ப்பெயர்களின் மேல் விரலை ஓட்டினார். பிலாஸ்பூரில் விரல் நின்றது. அவரோடு சண்டைபோட்டுக்கொண்டு ரிக் வண்டிக்குப் போன மகன் அங்கேதான் இருக்கிறான்; அப்பா போன் போட்டால் எடுப்பதில்லை. ஊருக்கே தெரிந்த சங்கதி இது. மூடுவதைப் பற்றி அவர் பேச்சே எடுக்கவில்லை.

"ஏனுங்கம்மா," என்றார் தயங்கி, "அடுத்த கதையை நான் படிக்கட்டுங்களா?"