முகத்துக்கு நேரே ஒரு 'நோ'

எனக்குப் பொறுமை கிடையாது. வளர்ந்தவர்களுக்குச் சம்பளமில்லாமல் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போகிறவள் என்றதும் எல்லோரும் என்னைச் சாந்தசொரூபி என்று நினைத்துவிடுகிறார்கள். அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை காலையில் யாழ்ப்பாணத்திலிருந்து ஸ்கூட்டியில் புறப்பட்டால், மண்டைதீவு தாண்டுவதற்குள் காற்றோடு சண்டை பிடித்து எரிச்சல் ஏறிவிடும். கரம்பொன் வாசிகசாலைக்குள் காலில் சுடுதண்ணி ஊற்றிக்கொண்டவள் போலத்தான் நுழைவேன். கதிரை போட்டிருந்தாலும் உட்காரமாட்டேன். படிக்க வந்த ஏழு பேரும் என்னைவிட மூத்தவர்கள். நான் நடக்கும் பக்கமெல்லாம் பாவம், தலையைத் திருப்பிக்கொண்டிருப்பார்கள்.

அவர்களில் ஒரு அக்காவுக்கு நாற்பத்தொரு வயது. கணவர் லண்டனில். கலியாணம் முடிந்து மூன்றாம் கிழமை திரும்பிப் போனவர்; அதன்பிறகு ஆறு வருடமாகப் போனில்தான் குடும்பம். அவரிடம் போக விசா வேண்டும். விசாவுக்கு ஆங்கிலத்தில் பேசிக் காட்டும் சோதனை ஒன்றில் சித்தியடைய வேண்டும். கொழும்புக்குப் போய் ஒருமுறை தவறிவிட்டார்.

எப்படித் தவறினார் என்று எனக்கு விளங்கவில்லை. ஏழு பேரில் அவர்தான் கெட்டிக்காரி. ஒருநாள் சோதனை நடத்துபவள் போல முன்னால் நின்று ஆங்கிலத்தில் கேட்டேன். பிள்ளைகள் இருக்கிறார்களா?

"யெஸ்."

அண்ணன், தம்பி?

"யெஸ்."

அவருக்குப் பிள்ளைகள் இல்லை. கூடப் பிறந்ததென்று அதே வீட்டில் இருக்கிற, கலியாணமாகாத தங்கச்சி மட்டும்தான்.

"அக்கா, கேள்வி விளங்கேல்லையோ?"

"விளங்கினது, ரீச்சர்."

"பிறகேன் யெஸ் எண்டனீங்கள்?"

"அவ்வளவு மரியாதையாக் கேக்கிறீங்கள். முகத்துக்கு நேர இல்லையெண்டு எப்பிடிச் சொல்லுறது?"

மற்ற ஆறு பேரும் சிரிக்கவில்லை. அவர்களும் அதே கட்சி. எங்கள் பக்கத்தில் ஒருவர் பேசும்போது இடையிடையே "ஓம், ஓம்" போடுவதுதான் மரியாதை. சம்மதம் என்று அதற்கு அர்த்தமில்லை, கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றுதான். அக்கா அந்த ஓமைக் கொழும்புவரை கொண்டுபோயிருக்கிறார்.

அடுத்த கிழமையிலிருந்து வகுப்பின் முதல் அரைமணி நேரத்தை 'நோ' சொல்லப் பழகுவதற்கென்றே ஒதுக்கினேன். உங்கள் சைக்கிளை எனக்குத் தருவீர்களா என்று அக்காவிடம் கேட்டேன். சைக்கிள் பூட்டின் திறப்பை எடுத்து மேசையில் வைத்தார். எனக்கு வந்த கோபத்தில் டஸ்டரால் மேசையில் ஓங்கி அடித்தேன்.

"கொழும்பிலையும் சைக்கிளைக் குடுத்திட்டு நடந்து வாங்கோ."

அவர் முகம் வாடிவிட்டது. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வெட்கமாக இருந்தது. வகுப்பு முடிந்ததும் மன்னிப்புக் கேட்கப் போனேன். அப்போதுதான் அவர் மற்றக் கதையைச் சொன்னார். இருக்கிற வீடு, தாய் அவருக்குச் சீதனமாக எழுதிக்கொடுத்தது. அக்கா லண்டனுக்குப் போவதற்கு முன்னம் அதை விற்றுவிட வேண்டும் என்று கணவர் பிடிவாதமாக நிற்கிறாராம். விற்றால் தங்கச்சி எங்கே போவாள்?

"ஏலாதெண்டு சொல்லுங்கோவன்."

"அவரிட்டையோ?" என்றார். "சொன்னால் பிறகு என்னைக் கூப்பிடுவாரோ, ரீச்சர்? ஒவ்வொருக்காலும் ஓம், பாப்பம் எண்டு சொல்லிக்கொண்டிருக்கிறன்."

அன்று வீடு திரும்பியும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுத்தவர் வீட்டு விஷயத்தில் உனக்கென்ன என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஆனால் பயிற்சியை விடவில்லை. நாலாம் கிழமை அக்கா வாயைப் பொத்திக்கொண்டு ஒரு "நோ" சொன்னார். ஆறாம் கிழமை கையை எடுத்துவிட்டு, "நோ, தாங்க் யூ" என்றார். வகுப்பே கைதட்டியது.

சோதனைக்கு இரண்டு கிழமை இருக்கும்போது, வகுப்பு நடுவில் அவருடைய போன் அடித்தது. நிறுத்தினார், திரும்பவும் அடித்தது. மூன்றாந்தரம் எழுந்து விறாந்தைக்குப் போனார். யன்னல் திறந்திருந்தது, நான் கரும்பலகையில் எழுதுவதுபோல் நின்றேன்.

"ஓம்... ஓம்... திங்கக்கிழமையோ... வீட்டுக்குக் கையெழுத்தோ... ஓம்."

எனக்குச் சோக்கட்டியை யன்னலால் எறியவேண்டும் போலிருந்தது. அவர் போனை மற்றக் காதுக்கு மாற்றுவது யன்னலால் தெரிந்தது.

"நோ," என்றார். வகுப்பில் பழகிய அதே குரல். "நோ, தாங்க் யூ."

உள்ளே வந்து உட்கார்ந்து கொப்பியைத் திறந்தார். ஒருவரும் கைதட்டவில்லை.

"தமிழில எண்டால் வாயில வந்திராது, ரீச்சர்," என்றார்.

எனக்குச் சந்தோசம் வந்திருக்கவேண்டும். வந்தது பயம்தான். ஆறு வருடம் காத்திருந்த ஒருத்தியின் வாழ்க்கையில், அரைமணி நேரப் பயிற்சியோடு நான் கை வைத்துவிட்டேனோ என்று பயம். விசாவுக்குக் கணவர் அனுப்பவேண்டிய கடிதங்கள் இன்னும் இருந்தன. அவை வராவிட்டால் ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அந்த இரண்டு கிழமையும் எனக்கு ஒழுங்கான நித்திரையில்லை.

அக்கா சோதனைக்குப் போனார், சித்தியடைந்தார். பெறுபேறு வந்த சனிக்கிழமை எல்லோருக்கும் இனிப்புக்கு ரொபி கொடுத்தார். சோதனை நடத்தியவர் குளிர் நாட்டில் இருந்திருக்கிறீர்களா என்று கேட்டாராம். அக்கா 'நோ' என்றாராம். சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அடக்கமுடியவில்லை. பாடத்தின் நடுவில், அதுவும் பாடம்தான் என்பதுபோல ஆங்கிலத்தில் கேட்டேன். கணவர் அந்த 'நோ'வுக்குப் பிறகு போன் பண்ணினவரா?

அக்கா என் முகத்தைப் பார்த்தார். முந்தியென்றால் இந்த முகம் வாடக்கூடாது என்பதற்காகவே "யெஸ்" சொல்லியிருப்பார்.

"நோ, ரீச்சர்," என்றார்.