நாம் நம்பினவன் மட்டும் செய்யக்கூடிய துரோகம்

லத்தீன் வாத்தியாருக்கு ஊரில் மரியாதை உண்டு, மாணவர்கள்தான் கிடையாது. ஆள் சேராத பாடம் எதையாவது நீங்களும் நடத்தியிருந்தால், எழுபதுகளில் திருச்சியில் நான் பட்ட பாடு புரியும்.

ஒரே ஸ்கூட்டரில் இருவர்

சாயங்கால வகுப்புக்கு இரண்டு வக்கீல்கள் வருவார்கள். மேலப்புதூர் ஜெரோம், ஸ்ரீரங்கம் வரதன். ஒரே ஆபீஸ், ஒரே ஸ்கூட்டர். சட்டப் புத்தகத்தில் வரும் லத்தீன் புரிய வேண்டும் என்று ஆசை.

ஒருநாள் 'பெர்ஃபிடியா' வந்தது. ஃபிடெஸ் என்றால் நம்பிக்கை. அதை மீறிப் போவது பெர்ஃபிடியா. கோட்டைக் கதவை எதிரிக்குத் திறந்துவிட்டால் அது 'ப்ரோடிட்டியோ', காட்டிக்கொடுப்பது. வாக்குக் கொடுத்தவனே அதை முறித்தால்தான் பெர்ஃபிடியா என்றேன். ஜெரோம் சிரித்தார்.

"தமிழ்ல எல்லாத்துக்கும் துரோகம்னு ஒரே வார்த்தைதான் சார். நாங்க சிக்கனக்காரங்க."

பஸ்ஸில் வந்த வரதன்

சில மாதம் கழித்து வரதன் தனியாக பஸ்ஸில் வந்தார். ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் இருந்த அப்பாவின் வீட்டுக்காக அண்ணன் அவர்மேல் வழக்குப் போட்டிருந்தார். அண்ணனுக்கு வக்கீல், ஜெரோம்.

"அப்பா கடைசியா என்ன சொன்னார், எனக்கும் அண்ணாவுக்கும் என்ன சண்டை, எல்லாம் அவன்கிட்டதான் சொன்னேன் சார். என் கேஸை நானே நடத்தப் போறேன். கோர்ட்ல அவன் மூஞ்சிக்கு நேரா சொல்ல அந்த வார்த்தை வேணும்."

'பெர்ஃபிடுஸ்' என்று பலகையில் எழுதினேன். நம்பிக்கை துரோகி. வரதன் தானே டஸ்டரை எடுத்து அழித்தார்.

"இதைச் சொன்னா, அவனை நம்பினேன்னு ஊரறிய ஒத்துக்கணுமே சார்."

கோர்ட்டில் கேட்ட வார்த்தை

வழக்கில் அண்ணன் ஜெயித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் ஜெரோம் என்னை நிறுத்தினார். முகம் வாடியிருந்தது.

"அவங்க அண்ணனும் எனக்குப் பழக்கம்தான் சார். வந்து கேட்டாரு, மறுக்க முடியல. காரணத்தோட செஞ்சா அதுக்கு வேற வார்த்தை இருக்குங்களா?"

"இல்லை. பெர்ஃபிடியா காரணம் கேட்காது" என்றேன். வரதன் கோர்ட்டில் என்ன சொன்னார் என்று விசாரித்தேன். ஜெரோம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"திட்டுவான்னு தயாரா போனேன் சார். 'என் கற்றறிந்த நண்பர்'னு சொன்னான். கோர்ட்டு வழக்கம்தான், எதிர் வக்கீலை எல்லாரும் அப்படித்தான் சொல்றது. அன்னிக்கு என்னால காது குடுத்துக் கேக்க முடியல."

அதன்பின் இருவரும் வகுப்புப் பக்கம் வரவில்லை. என் சர்வீஸிலேயே ஒரு லத்தீன் சொல்லை முழுசாகப் படித்து முடித்தவர்கள் அவர்கள் மட்டும்தான்.