வழுக்கியதாகச் சொன்ன ஆறு பேர்

“டிவிப் பொட்டிக்குள்ள ஓட்டிக் காட்டுனா அந்தாளு கை நின்னுருமாக்கும்?” என்று அக்கா கேட்டாள். எங்கள் ஊரான பள்ளங்கியில் தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து பூண்டைத் தாளோடு சேர்த்து முடிந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. அவள் புருஷன் கை நிற்காது என்று எனக்கும் தெரியும். படத்தில் முகம் வராது, கை மட்டும்தான் வரும் என்று சொல்லிச் சம்மதிக்க வைத்தேன்.

அப்போது நான் கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் டைப்பிஸ்ட். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். அந்த மழைக்காலத்தில் ஓவியம் சொல்லிக்கொடுக்க பம்பாயிலிருந்து ஓர் அம்மாள் வந்திருந்தார். அவர் தூரிகையைத் தொட்டு நான் பார்த்ததில்லை. ஒரு வீடியோ கேமரா வைத்திருந்தார். அதைத் தோளில் ஏற்றிவிட்டால் ஒரு பக்கம் சாய்ந்தே நடப்பார். பெண்களின் உடம்பில் வீட்டாரால் அடிபட்ட இடங்களைப் படம் எடுத்து, பல டிவிகளில் ஒரே நேரத்தில் ஓடவிட்டு, பார்க்க வருகிறவர்களை நடுவில் நிற்கவைக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அதுவும் கலைதான் என்றார். அவருக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்க்க என்னை அனுப்பியபோது பெருமையாக இருந்தது. என் ஆங்கிலத்தின் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

ஆறு பெண்கள் ஒப்புக்கொண்டார்கள். ஒருத்திக்கு மணிக்கட்டு, ஒருத்திக்குக் கழுத்தோரம், ஒருத்திக்குக் கெண்டைக்கால். கேமரா அந்த இடத்தை மட்டும் பார்க்கும். இது எப்படி வந்தது என்று நான் கேட்பேன். பூண்டுப் பாத்தியில் வழுக்கிவிட்டதாக முதல் பெண் சொன்னாள். அடுத்தவளும் அதையேதான் சொன்னாள். அதற்கடுத்தவளும். கடைசியாக அக்கா. முழங்கைக்குக் கீழே நான்கு விரல் பதிந்த நீலம்.

“மழையில பாத்தி வழுக்கிருச்சு” என்றாள்.

எங்கள் பக்கம் பெண்கள் அப்படித்தான் சொல்வார்கள். கேட்கிறவர்களும் பார்த்து நடக்கக் கூடாதா என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள்.

அந்த அம்மாள் கேமராவை இறக்கி வைத்துவிட்டு, ஆறு பேரும் எப்படி ஒரே மாதிரி விழுவார்கள் என்று என்னிடம் கேட்டார். அக்காவை அவருக்கு ஏற்கெனவே அறிமுகம் செய்திருந்தேன். அடி வாங்குகிறவள் என் வீட்டுப் பெண் என்று அவர் நினைப்பதை என்னால் தாங்க முடியாது என்று தோன்றியது. மலைச்சரிவைப் பற்றி, படிப்படியான பாத்திகளைப் பற்றி, மழையில் மண் இளகுவதைப் பற்றி ஆங்கிலத்தில் விளக்கினேன். பேச்சில் ஒரு பிழை இல்லை. அப்படியானால் தான் நினைத்து வந்த படம் இது இல்லை என்று சொல்லி, நான் சொன்னதை அவர் நோட்டில் எழுதிக்கொண்டார்.

மழையில் ஓட்டல்கள் காலியாகக் கிடந்ததால் ஆறு டிவிகளும் டேப் ஓட்டும் டெக்குகளும் இரவல் கிடைத்தன. பள்ளிக்கூட ஹாலில் வட்டமாக வைத்தோம். இரண்டுதான் கலர். மற்றவற்றில் அடிபட்ட இடமும் மண் ஒட்டிய இடமும் ஒரே சாம்பல் நிறம். ஒவ்வொரு டிவிக்கும் கீழே, பாத்தியில் வழுக்கியது என்று நான் டைப் செய்த ஆங்கில அட்டை. வாசலில் நானே எழுதிய பெரிய அட்டை ஒன்று, சரிவு நிலத்தில் பெண்கள் படும் பாடு என்று. ஆசிரியர்கள் வந்து பார்த்தார்கள். இவர்களுக்கெல்லாம் பிடிப்புள்ள ரப்பர் செருப்பு வாங்கிக் கொடுக்கலாமே என்றார் ஒருவர். நானும் தலையாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு வந்த அக்கா ஹாலுக்கும் வந்தாள். கலர் டிவியில் அவள் கை நீலமாக இருந்தது. அவள் கையில் அது மஞ்சளாகிவிட்டிருந்தது. கீழே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். படித்துச் சொன்னேன். வாசல் அட்டையையும் படிக்கச் சொன்னாள். படித்தேன்.

“நான் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகணும், அப்பிடிச் சொன்னேன். நீ எங்கடி போகணும்னு இப்பிடி எழுதுன?”

சந்தையில் சோலி கெடக்கு என்று போய்விட்டாள். டேப்புகள் முடிந்திருந்தன. ஒவ்வொன்றாகத் திருப்பிச் சுற்றிவிட்டேன். இடது முழங்கை வலித்தது. அது முழுசாக நீளாது. பத்தாம் வகுப்போடு நிற்க மாட்டேன் என்றபோது அப்பா விறகுக்கட்டையால் அடித்தது. பள்ளிக்கூடத்தில் கேட்டவர்களிடம் வழுக்கி விழுந்ததாகச் சொல்லியிருந்தேன். அதையே சொல்லிச் சொல்லி, ஒரு கட்டத்தில் விழுந்த இடம்கூட எனக்கு ஞாபகம் இருந்தது.

திங்கட்கிழமை காலையில் அந்த அம்மாளிடம் நான் சொன்னது பொய் என்றேன். அவர் கோபப்படவில்லை. ஆறு படங்களையும் நிறுத்திவிடலாமா என்று மட்டும் கேட்டார். வேண்டாம், அவர்கள் சொன்னது அப்படியே இருக்கட்டும், அவர்கள் ஊரில் இருக்க வேண்டியவர்கள் என்றேன். நான் எழுதிய வாசல் அட்டையை மட்டும் கழற்றினேன். பிறகு அவரைக் கேமராவை எடுக்கச் சொன்னேன். கையோடு முகமும் வரட்டும் என்றேன்.

தமிழில் ஒரு தடவை, ஆங்கிலத்தில் ஒரு தடவை. யார், எதால், எதற்காக. மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

இன்னொரு டிவி இரவல் வாங்கினோம்; ஏழாவதாக என் படம் வட்டத்தின் நடுவில் ஓடியது. ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கச் சொல்லி, மதியப் பஸ்ஸில் பள்ளங்கிக்குப் போனவர்களிடம் அப்பாவுக்குச் சொல்லி அனுப்பினேன்.